பேசாதவரைப் படமெடுத்தால் பேசுவது யார்? கானாடுகாத்தான் வளவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி வட்டாரத்தில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பது என் தொழில். என் தங்கச்சிக்கு வயது 19. ஆட்டிசம் உள்ளவள், வாயால் பேசுவதில்லை. கானாடுகாத்தானில் அப்பா பார்த்துக்கொள்ளும் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறோம். வீட்டுக்கார ஆச்சி சென்னையில் இருக்கிறார்கள். அவர்கள் சம்மதத்தோடு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் வீட்டின் நடுப்பகுதியில், பேசாத ஆட்டிசப் பிள்ளைகளைப் பற்றிய ஆவணப்படம் போடுகிறோம். பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல், தேவகோட்டை என்று பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர் பளபளத்து ஒளியைத் திருப்பி அடிக்கும் என்பதால், இரண்டு தூணுக்கு நடுவே எட்டு முழ வேட்டியைக் கட்டித்தான் படம் ஓடுகிறது. முடிந்ததும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்கள் இவை. நான் மருத்துவன் இல்லை. கேமராவும் தெரியும், தங்கச்சியையும் தெரியும். அந்த இரண்டையும் வைத்துப் பேசுகிறேன்.

வாய் பேசலைன்னா ஊமைதானே தம்பி? ஆட்டிசம்னு ஏன் தனியா ஒரு பேரு?

ஊரில் ஊமை என்று சொல்வது பெரும்பாலும் காது கேளாததால் பேச்சு வராதவர்களை. என் தங்கச்சிக்குக் காது தேவைக்கு மேலேயே கேட்கும். அடுப்படியில் குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் புஸ்ஸென்று ஒரு மூச்சு விடுமே, அதற்கே காதைப் பொத்திக்கொள்வாள். ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் வேறுபாடு. ஓசை, வெளிச்சம், தொடுகை இவற்றை உணர்வது வேறு மாதிரி இருக்கும். மனிதர்களோடு பழகுவதும் வேறு மாதிரி இருக்கும். அதில் ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காட்டினருக்கு அன்றாடத் தேவைக்கு உதவும் அளவுக்குப் பேச்சு அமைவதில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். சிலருக்கு ஒரு சொல்கூட இல்லை. சிலர் விளம்பரப் பாட்டை முழுதாக ஒப்பிப்பார்கள், ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் என்று கேட்க வராது.

மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. மதி இறுகிவிட்டது என்று யார் உள்ளே போய்ப் பார்த்தார்கள்?

நாம பேசுறது அவங்களுக்குப் புரியுமா?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஒரே பதிலைச் சொல்லும் படத்தை நான் நம்புவதும் இல்லை.

பேச வராததற்குக் காரணம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு நாக்கையும் உதட்டையும் மூச்சையும் ஒன்றுசேர்த்து இயக்கும் கட்டளையை மூளை அனுப்புவதிலேயே சிக்கல் இருக்கும். சொல் மனதில் இருந்தும் வாய்க்கு வராது. சிலருக்கு மொழியைப் புரிந்துகொள்வதே கடினம். இரண்டும் சேர்ந்தவர்களும் உண்டு. அளந்து பார்க்கவும் எளிதல்ல. சோதனைகளில் பெரும்பாலானவை வாயால் சொல், விரலால் காட்டு என்றுதான் கேட்கின்றன. அது இரண்டும் வராத பிள்ளை எழுந்து போய்விட்டால், தெரியவில்லை என்று எழுதிவிடுகிறார்கள்.

ஒரு தைப்பூசத்தின்போது நடந்தது. குன்றக்குடியில் கூட்டம் தாங்காது, இவளை அப்பத்தாவோடு விட்டுவிட்டுப் போகலாம் என்று அம்மாவும் நானும் அடுப்படியில் மெதுவாகப் பேசிக்கொண்டோம். அவள் வளவில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும் பூவின் ஓரத்தைக் கால் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அவளுடைய செருப்பு இரண்டும் முகப்பு வாசல்படியில் ஜோடியாக, தெருவைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தன. அன்றைக்கு அழைத்துப் போனோம்.

அதற்காக எல்லாமே புரிகிறது என்றும் சொல்லமாட்டேன். நாளை மறுநாள் என்றால் அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. காலண்டரில் கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். இரண்டும் உண்மை. படமெடுப்பவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுகிறார்கள்.

இனிமே பேச்சு வருமா?

சின்னப் பிள்ளைகளின் பெற்றோர் நம்பிக்கையை விட வேண்டியதில்லை. நாலு வயதில் தொடராகப் பேசாத ஆட்டிசக் குழந்தைகள் 535 பேரைப் பற்றி அமெரிக்காவில் ஓர் ஆய்வு 2013இல் வந்தது. பிறகு அவர்களில் 70 விழுக்காட்டினர் சொற்களைச் சேர்த்துப் பேசினார்கள். 47 விழுக்காட்டினர் சரளமாகவே பேசினார்கள். என் தங்கச்சி அந்தக் கணக்கில் சேரவில்லை. அவளுக்குப் பேச்சு வந்தால் கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டுவதாக அப்பத்தா வேண்டிக்கொண்டார்கள். படத்தை அழுத்தினால் சொல் ஒலிக்கும் டேப்லெட்டில் அவள் முதன்முதலாக "அப்பத்தா" என்று அழுத்திய வாரம், இதுவும் பேச்சுத்தான் என்று சொல்லி மணியைக் கட்டிவிட்டு வந்தார்கள்.

தாய் சரியாக் கொஞ்சலைன்னா இப்படி ஆகும்னு சொல்றாங்களே?

பொய். அந்தப் பொய்க்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் யாராவது வாய் திறக்கும்போது பதில் சொல்லலாம்.

1943இல் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைத் தனியாக அடையாளம் காட்டியது. அந்தப் பதினொருவரில் மூவர் பேசவில்லை. பெற்றோரிடம் பாசம் குறைவு என்ற ஒரு பேச்சு அப்போதே கிளம்பியது. புருனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய புத்தகம் அதைப் பெரிதாகப் பரப்பியது. பாசமில்லாமல் ஃப்ரிட்ஜ் மாதிரி குளிர்ந்துபோனவர்கள் என்ற பொருளில், உறைபெட்டித் தாய்மார்கள் என்று அந்தப் பெண்களுக்குப் பெயரே வைத்தார்கள். அதற்கு முன்பே, 1964இல், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் இது மூளை சார்ந்தது, வளர்ப்பைச் சார்ந்ததல்ல என்று புத்தகம் எழுதி எதிர்த்திருந்தார்.

அந்தத் தாய்மார்கள் வயதான பிறகு அவர்களையே உட்காரவைத்துப் பேசவிட்ட ஆவணப்படம் 2002இல் வந்த 'ரெஃப்ரிஜரேட்டர் மதர்ஸ்'. நாங்கள் போட்டபோது நான் வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்கள். இந்த ஊரில் அதே பழியை அவர்களும் சுமந்தவர்கள்தான்.

ஆவணப்படங்கள் இவங்களை இதுவரைக்கும் எப்படித்தான் காட்டியிருக்கு?

பார்த்தவரைக்கும் இரண்டு அச்சில்தான் அதிகம் வார்க்கிறார்கள். ஒன்று, பாரம். பிள்ளை அலறும், தலையை முட்டிக்கொள்ளும், தாய் அழுவாள், பின்னணியில் வயலின். 2006இல் அமெரிக்காவில் வந்த 'ஆட்டிசம் எவ்ரி டே' என்ற சிறு படத்தில் ஒரு தாய், மகளோடு காரைப் பாலத்திலிருந்து ஓட்டிவிடலாமா என்று நினைத்ததைச் சொல்கிறார். மகள் அதே அறையில் இருக்கிறாள். பிள்ளைக்குக் காதே கேட்காது என்று கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அந்தத் தாயின் களைப்பை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலும் அந்தக் களைப்பு உண்டு. அதைப் பிள்ளைக்கு முன்னால் பதிவுசெய்ததைத்தான் சொல்கிறேன்.

மற்ற அச்சு, அதிசயம். இத்தனை காலம் அமைதியாக இருந்தவர் திடீரென்று எழுத்துகளைத் தொட்டுக் கவிதை சொல்வார், படம் கண்ணீரோடு முடியும். பார்க்க இதமாக இருக்கும். ஆனால் பேரறிவு வெளிப்பட்டால்தான் மதிப்பு என்று ஆகிவிட்டால், கவிதை வராத பிள்ளை எங்கே போவது? அந்த அதிசயத்துக்குள் இன்னொரு பெரிய சிக்கலும் இருக்கிறது.

கையைப் பிடிச்சு டைப் அடிக்க வைக்கிறாங்களே, அது நிஜமா?

மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். நிதானமாகச் சொல்கிறேன்.

ஃபெசிலிட்டேட்டட் கம்யூனிகேஷன் என்ற முறை 1970களில் ஆஸ்திரேலியாவில் தொடங்கி, 1990 வாக்கில் அமெரிக்காவில் பரவியது. பேசாதவரின் கையை, மணிக்கட்டை அல்லது முழங்கையை உதவியாளர் தாங்கிக்கொள்ள, அவர் விசைப்பலகையில் எழுத்துகளைத் தொடுவார். பெற்றோர் மகிழ்ந்துபோனார்கள். யாருக்குத்தான் ஆசை இருக்காது? பிறகு சோதித்தார்கள். உதவியாளருக்கு ஒரு படமும் பிள்ளைக்கு வேறொரு படமும் காட்டினார்கள். உதவியாளருக்குச் சாவியும் பிள்ளைக்குச் செருப்பும் காட்டினால், வந்த எழுத்து சாவி. உதவியாளர்கள் ஏமாற்றவில்லை. தாங்களே எழுதுகிறோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. அதைப் பார்த்து நொறுங்கிப்போனவர்களை 1993இல் வந்த 'பிரிசனர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' என்ற ஆவணப்படம் காட்டியது. 1994இல் அமெரிக்க உளவியல் சங்கம் இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது. கையைத் தொடாமல் எழுத்துப் பலகையை மட்டும் இன்னொருவர் பிடித்துக் காட்டும் ரேப்பிட் பிராம்ப்டிங் முறையையும், அமெரிக்கப் பேச்சுப் பயிற்சியாளர்கள் சங்கம் 2018இல் வேண்டாம் என்று சொன்னது. பலகை நகர்ந்தால் விரல் போகும் இடமும் மாறும்.

இவ்வளவு தெரிந்தும் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 2004இல் வந்த 'ஆட்டிசம் இஸ் எ வேர்ல்ட்' ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. எழுத்து ஆட்டிசம் உள்ள சூ ரூபின் என்ற பெண்ணுடையது என்கிறது படம். அதைப் படிக்கும் குரல் ஒரு நடிகையுடையது. இந்த முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த பேராசிரியரே அதன் தயாரிப்பாளர்களில் ஒருவர்.

கேமரா பிடிப்பவனாக ஒன்று சொல்கிறேன். இந்த மாதிரிப் படங்களில் திரை எதைக் காட்டவில்லை என்று பாருங்கள். முகத்துக்கு க்ளோசப், பிறகு தாயின் கண்ணீர், பிறகு வரியாக எழுத்து. பலகையும் விரலும் பிடித்திருக்கும் கையும் சேர்ந்த ஒரே ஷாட், வெட்டாமல் ஒரு நிமிடம் கிடைக்கிறதா? தட்டுபவரின் கண் பலகையில் இருக்கிறதா? கிடைக்காவிட்டால் எடிட்டருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

அப்ப உங்க தங்கச்சி டேப்லெட்டும் அதே கதைதானா?

இல்லை. அவளுடைய டேப்லெட்டை யாரும் பிடிப்பதில்லை. மேசையில் கிடக்கும், அவள் விரல், அவள் நேரம். ஆவாஸ் என்ற அந்தச் செயலி சென்னையில் உருவானது, தமிழிலும் பேசும். படத்தை அழுத்தினால் சொல் ஒலிக்கும். நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் "மழை" என்று அழுத்திவிட்டு முற்றத்தைப் பார்த்து நிற்பாள். இது பேச்சு வருவதைத் தடுத்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. டேப்லெட் வாங்க முடியாதவர்கள் அட்டையில் படம் ஒட்டித் தொடங்குங்கள். எங்கள் முதல் பலகை கல்யாண ஆல்பத்தின் மிச்ச அட்டையில் செய்ததுதான்.

'தி ரீசன் ஐ ஜம்ப்' நல்ல படம்தானே? நம்ம நாட்டுப் பொண்ணுகூட அதுல வருதே.

வருகிறார். நொய்டாவில் ஓவியம் வரையும் அம்ரித். ஜப்பானில் ஆட்டிசம் உள்ள நவோக்கி ஹிகாஷிடா 13 வயதில் எழுதியதாக 2007இல் வெளிவந்த புத்தகத்தை அடிப்படையாக வைத்து, ஜெர்ரி ராத்வெல் 2020இல் எடுத்த ஆவணப்படம் அது. இங்கிலாந்து, அமெரிக்கா, சியரா லியோன் என்று போய்ப் பேசாத இளைஞர்களைப் பார்க்கிறது. சியரா லியோனில் பேய் பிடித்த பிள்ளை என்று ஊர் சொல்ல, பெற்றோர் பள்ளிக்கூடம் தொடங்கிய பகுதியை எங்கள் வளவில் ஒருவரும் அசையாமல் பார்த்தார்கள். அதற்குத் தமிழ் விளக்கம் தேவைப்படவில்லை.

எனக்குப் பிடித்தது ஒலி. மின்விசிறி, மழை, மின்பெட்டியின் ரீங்காரம் எல்லாம் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். படம் ஓடியபோது தங்கச்சி ஸ்பீக்கரில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மனம் ஒப்பாதது சொல். நவோக்கி படத்தில் வருவதில்லை. புத்தக வரிகளை வேறொரு குரல் படிக்கிறது. அந்த வரிகள் எப்படி எழுதப்பட்டன என்ற கேள்வி வெளியே பல ஆண்டுகளாக இருக்கிறது, படம் அதைத் தொடவே இல்லை. ஒருவருடைய சொல்லை ஐந்து பேரின் முகத்தின் மேல் ஓட்டினால் ஐவரும் அதையே நினைப்பதாகத் தோன்றிவிடும். ஆகவே பாருங்கள், வாய்ஸ் ஓவர் வரும் இடங்களில் கொஞ்சம் விலகி நின்று பாருங்கள்.

சொல்லே இல்லாம இவங்களைக் காட்ட முடியாதா?

முடியும். நான் போற்றும் வேலைகள் அங்கேதான் இருக்கின்றன.

பிரான்சில் செவென் மலைப்பகுதியில் ஃபெர்னான் தெலினி என்பவர் 1960களின் இறுதியிலிருந்து பேசாத ஆட்டிசப் பிள்ளைகளோடு ஊர்ப்புறத்தில் வாழ்ந்தார். அவர்களைப் பேசவைக்க முயலவில்லை. பிள்ளைகள் நடக்கும் தடத்தைக் கூட இருந்தவர்கள் மெல்லிய தாளில் கோடாக வரைந்தார்கள். எங்கே சுற்றினார்கள், எங்கே நின்றார்கள், எந்தக் கிணற்றடிக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்பதெல்லாம் கோடாகவே தெரியும். 1970களின் நடுவில் ரெனோ விக்தோர் அவர்களை வைத்து ஓர் ஆவணப்படமும் எடுத்தார். இதைப் படித்த பிறகு நானும் ஒரு மாதம் தங்கச்சியின் தடத்தை வளவுப் படத்தில் வரைந்து பார்த்தேன். இத்தனை நாள் சும்மா சுற்றுகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் வெயிலின் ஓரத்தில் நடந்திருக்கிறாள். முற்றத்து வெயில் நகர நகர, அவள் கோடும் நகர்ந்திருக்கிறது.

இன்னொன்று, ஆட்டிசம் உள்ள மெல் பேக்ஸ் 2007இல் தானே எடுத்து வெளியிட்ட 'இன் மை லாங்குவேஜ்'. எட்டரை நிமிடம்தான். முன்பாதியில் முனகல் பாட்டு, ஆடும் கை, குழாய்த் தண்ணீரில் விளையாடும் விரல்கள். பின்பாதியில் அவர் தட்டியதைக் கணினிக்குரல் படிக்கிறது. தண்ணீர் எதற்கும் அடையாளம் அல்ல, நானும் தண்ணீரும் பழகுகிறோம், அவ்வளவே என்கிறார். முதல் பாதியை மொழி என்று ஒப்புக்கொள்ளாமல், தட்டச்சு வந்ததும்தான் என்னை ஆளாக மதிக்கிறீர்கள் என்ற அவர் வருத்தம் நேராக நமக்கே சொன்னது. 2020இல் காலமானார். எங்கள் வளவில் ஒரே நாளில் இரண்டு முறை போட்ட படம் இது ஒன்றுதான்.

தமிழ்ப் படங்கள்ல?

கதைப்படம் என்றால் 2013இல் வந்த 'ஹரிதாஸ்' இருக்கிறது. அந்தப் பையனை ஓடவிட்டு, ஓட்டத்தையே அவன் பேச்சாக்கியது எனக்குப் பிடித்தது. ஆனால் அது கதை.

உங்க வீட்டுக்கே ஷூட்டிங் வந்தாங்களே, என்ன ஆச்சு?

இந்த வட்டாரத்துக்குக் கேமரா புதிதல்ல. காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த ஏவி.எம். ஸ்டூடியோவில்தான் 1947இல் வந்த 'நாம் இருவர்' எடுக்கப்பட்டது. இப்போதும் பெரிய வீடுகளை வாடகைக்குப் பேசிப் படக்குழுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அப்படி வந்த ஒரு குழு தங்கச்சியைப் பார்த்துவிட்டு, ஒரு சின்ன ஆவணப்படம் எடுக்கிறோம் என்றது. அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவளுக்கு அதற்குள் 18 வயது நிறைந்துவிட்டது. அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஃப்ரேமில் உறுத்துகிறது என்று டேப்லெட்டை எடுத்து வைத்தார்கள். காரை பெயர்ந்த சன்னலோரம் உட்காரச் சொன்னார்கள்.

படத்தைப் பார்த்தபோது கோபம் வந்தது. அவள் கம்பி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே இருக்கிறாள், புல்லாங்குழல் அழுகிறது, தன் உலகத்தில் தனியாக வாழ்கிறாள் என்று ஒரு குரல் சொல்கிறது. நான் அன்று பக்கத்தில் நின்றேன். அவள் நாலரை மணிப் பால்காரருக்காகக் காத்திருந்தாள். அடுத்த பத்தாவது நொடியில் சைக்கிள் மணி கேட்டது. எழுந்து குதித்தாள், கை தட்டினாள், முற்றத்தைச் சுற்றி ஓடி அம்மாவைச் சொம்போடு இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பத்து நொடிக்கு முன்னால் வெட்டிவிட்டார்கள். அவளுடைய முனகல் பாட்டையும் ஒலியிலிருந்து துடைத்திருந்தார்கள்.

நானும் அதே தவறைச் செய்தவன். அத்தை மகள் கல்யாண வீடியோவில், நாயனத்தோடு சேர்ந்து அவள் முனகிய இடத்தில் நானே மைக்கைக் குறைத்து, சினிமாப் பாட்டைப் போட்டேன்.

நாளைக்கு எங்க பிள்ளையைப் படமெடுக்க யாராவது வந்தா என்ன கேக்கணும்?

பேசும் கருவி எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கேமராவுக்குள்ளும்தான். முதல் நாள் படமெடுக்காமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பிள்ளை முகம் திருப்பினால், எழுந்து போனால், கையைத் தள்ளினால் அதுதான் வேண்டாம் என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நிறுத்துவோம் என்று எழுதி வாங்குங்கள். குளிக்கும் நேரமும் அழுது புரளும் நேரமும் வேண்டவே வேண்டாம். அந்தக் காட்சி இணையத்தில் ஏறினால் பிள்ளைக்கு நாற்பது வயதாகும்போதும் அங்கேயே இருக்கும். வெட்டி முடித்த படத்தை வெளியிடும் முன் வீட்டில் போட்டுக் காட்ட வேண்டும், பிள்ளைக்கும் சேர்த்து. அமெரிக்காவில் 2017இல் வந்த 'டீஜ்' படத்தில், பேசாத இளைஞர் டி.ஜே. சவரீஸ் இணைத் தயாரிப்பாளராகவே இருந்தார். அந்த அளவுக்கு இடம் கொடுக்கலாம் என்பதற்கு அது சான்று.

18 வயது நிறைந்த பிறகு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு வழியாகப் பாதுகாவலர் நியமனம் பெறும் வழி தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் உரிமை வந்துவிட்டால் பிள்ளையின் விருப்பத்தைப் பார்க்க வேண்டாம் என்று ஆகிவிடாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொடர்பு என்பதை வாய்ப்பேச்சோடு நிறுத்தவில்லை. சைகையும் படமும் மாற்றுவழிக் கருவிகளும் அதில் அடக்கம். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும், மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுபவர்கள் அவர்களையே கலந்து செய்ய வேண்டும் என்று நெறிமுறை சொன்னது. படக்குழு வந்தால் இதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நீங்களே தங்கச்சியை வச்சு எடுக்கலாமே?

தொடங்கியிருக்கிறேன். ட்ரைபாட் இல்லாமல் கேமராவைத் தரையில், ஆத்தங்குடிக் கல்லின் மேலேயே வைத்தேன். மைக்கும் தரையோடு. நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். முதலில் அவள் பாதம் மட்டும் வந்து போனது. வெயில் ஓரமாக நாலு சுற்று. ஐந்தாம் சுற்றில் கேமராவுக்கு முன் உட்கார்ந்து, லென்ஸில் தன் முகத்தைப் பார்த்தாள். முனகல் பாட்டு ஆரம்பமானது, இந்த முறை நான் மைக்கைத் தொடவில்லை. பிறகு எழுந்து போய் டேப்லெட்டை எடுத்துவந்து, கேமராவுக்கு நேராக வைத்து அழுத்தினாள்: "போதும்."

பதினோரு நிமிடம் ஓடியிருந்தது. நிறுத்திவிட்டேன்.